லானோ காட்டில் ஒற்றைப் பின்னும் ஒரு பெண்மானும்

வில் வேட்டைக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சைட் சிங்கிள் பின் வாங்கறதா, மல்டி பின் வாங்கறதா?" என்பதுதான். எனக்கு அதற்கான பதில் கடையில் கிடைக்கவில்லை. இரண்டாயிரமாவது வருடம் அக்டோபரில், டெக்சாஸில் லானோ என்ற சிற்றூருக்குப் போய் வந்த பிறகுதான் கிடைத்தது. அதனால் அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் டாலஸ் பக்கம் காப்பெலில் இருந்தோம். கணவர் பிரபாகருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு எச்-4 விசா என்பதால் வேலைக்குப் போக முடியாது. பொழுது போகவில்லையே என்று வில்வித்தை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே தோழியான லிண்டா, லானோவில் தன் அண்ணன் புதிதாக வாங்கிய பண்ணைக்கு மான் வேட்டைக்குக் கூப்பிட்டாள். பிரபா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஹன்ட் பண்ணு, நான் டிரைவ் பண்றேன். ரத்தம் கித்தம்னு என்னைக் கூப்பிடாதே" என்றார்.

தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வில்லில் குறி பார்க்கப் பொருத்துவதுதான் சைட். மல்டி பின்னில் இருபது, முப்பது, நாற்பது கஜம் என்று ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு பின் இருக்கும். மான் எங்கே நின்றாலும் அதற்கேற்ற பின்னை வைத்து எய்யலாம், ஆனால் அவசரத்தில் தப்பான பின்னைப் பார்த்துவிடும் ஆபத்து உண்டு. சிங்கிள் பின்னில் ஒரே ஒரு பின். பார்வைக்குக் குழப்பமே இல்லை. தூரம் மாறினால் மட்டும் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

லிண்டா மல்டி பின் கட்சி. "நீ சக்கரத்தைத் திருப்பி முடிக்கும்வரை மான் காத்துக்கொண்டிருக்காது" என்று அவள் பலமுறை சொல்லியும் நான் சிங்கிள் பின்னையே பொருத்தினேன். கண் முன்னால் மூன்று புள்ளிகள் தெரிந்தால் எனக்குக் கை தடுமாறும்.

காப்பெலில் இருந்து லானோ சுமார் இருநூறு மைல். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி, ஃபோர்ட் வொர்த் தாண்டி 281-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். லம்பாசஸ் தாண்டியதும் நிலம் மேடும் பள்ளமுமாக மாறியது. எங்கும் ஓக், சீடர் மரங்கள், இளஞ்சிவப்புப் பாறைகள். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்று, கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். வழியில் நிற்பதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியும் முன்பே, பண்ணையின் ஓரத்தில் இருந்த மறைவுக் கூடாரத்தில் நானும் பிரபாவும் உட்கார்ந்தோம். லிண்டா பண்ணையின் மறுகோடியில் இருந்தாள். என் சைட்டின் பின்னை இருபது கஜத்துக்கு வைத்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் பெரிய கொம்புள்ள ஆண்மான் ஒன்று வந்து நின்றது. பிரபா தூரம் அளக்கும் கருவியில் பார்த்து, "முப்பத்தெட்டு" என்று கிசுகிசுத்தார். நான் சக்கரத்தில் கை வைத்த அசைவுக்கே அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அடுத்த நொடி காணோம். லிண்டா சொன்னது அப்படியே நடந்தது.

அரை மணி கழித்து ஒரு பெண்மான் மேய்ந்தபடி நெருங்கி வந்தது. "இருபது" என்றார் பிரபா. இம்முறை எதையும் திருப்ப வேண்டியதில்லை. ஒரே பின், அதற்குப் பின்னால் மானின் தோள். எய்தேன். அம்பு சரியான இடத்தில்தான் பட்டது. ஆனாலும் மான் ஒரே ஓட்டமாக ஓடி, வேலியைத் தாண்டி அடுத்த நிலத்துக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரம் காத்திருந்து, ரத்தத் தடம் பார்த்து வேலிவரை போனோம். அதற்கு அப்பால் அடர்ந்த சீடர் புதர். அக்டோபரிலும் டெக்சாஸ் வெயில் ஏறிவிடும். நேரமானால் இறைச்சி கெட்டுப்போகும். ஒரு உயிரை எடுத்து வீணாக்க எனக்கு மனமில்லை.

"இப்படியே தாண்டிப் போய் எடுத்துட்டு வந்துடலாங்க. யாரு பார்க்கப் போறா?"

"அடுத்தவங்க இடம்மா அது. போலீஸ் கேஸ் ஆச்சுன்னா விசா என்னாகும்? போய்க் கேட்போம், வா."

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். கேட்காம நுழையறது தப்பு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வில்லைக் காரில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். எழுபது வயதிருக்கும், வெள்ளைமுடிப் பெண்மணி ஒருவர் கதவைப் பாதி திறந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிரபா தொப்பியைக் கழற்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர் உள்ளே போனார். திரும்பி வந்தவர் காலில் பூட்ஸ், கையில் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு கிழட்டு வேட்டை நாய்.

டோரத்தி என்பது அவர் பெயர். நாய் மோப்பம் பிடித்துப் புதருக்குள் இழுத்துப் போய், ஒரு பாறைக்குப் பின்னால் மானைக் காட்டியது. ஓடிய வேகத்திலேயே விழுந்து இறந்திருந்தது. ரத்தம் என்றாலே ஒதுங்கும் பிரபாதான் அதன் முன்கால்களைப் பிடித்துத் தூக்கினார். ஒரு தொடையை டோரத்திக்குக் கொடுத்தோம், எங்கள் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், "என் கணவர் போன பிறகு எத்தனையோ பேர் இந்த வேலியைத் தாண்டியிருக்கிறார்கள். கதவைத் தட்டிக் கேட்டவர்கள் நீங்கள்தான்" என்றார். நான் பிரபாவைப் பார்த்தேன். அவர் நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

சரி, எந்த சைட்? கூடாரத்தில் உட்கார்ந்து, முப்பது கஜத்துக்குள் மட்டும் எய்வதாக இருந்தால் சிங்கிள் பின். பின்னை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள், தள்ளி நிற்கும் மானை விட்டுவிடுங்கள். நடந்து தேடுபவர்களுக்கும், தூரம் மாறிக்கொண்டே இருக்கும் திறந்த வெளிக்கும் மல்டி பின்தான். எதை வாங்கினாலும் அதோடு ஒரு மாதமாவது பழகுங்கள். போகும் மாவட்டத்தின் வேட்டை விதிகளைப் படித்துவிடுங்கள், ஐஸ் பெட்டியை மறக்காதீர்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களை முதல் நாளே பார்த்து வணக்கம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடம் அக்டோபரில் நாங்கள் லானோ போவதாக இல்லை. அந்த செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட பிறகு, எங்கள் நிறத்தோடு சிற்றூர்ப் பக்கம் போகவே பயமாக இருந்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராமல் இருந்த ஒரு மாலையில் போன் அடித்தது. டோரத்தி.

"சீசன் தொடங்கிவிட்டதே, ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்டார். தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னேன். அவர் உடனே ஏற்பாட்டைச் சொன்னார்.

"இந்த முறை என் நிலத்திலேயே உட்காருங்கள். தங்குவதும் என் வீட்டில்தான். ஊருக்குள் நுழையும் முன் போன் செய், நெடுஞ்சாலை முனையில் என் டிரக்கோடு நிற்கிறேன். நீங்கள் என் பின்னாலேயே வந்தால் போதும்."

சொன்னபடியே நின்றார்.