கெங்கம்மாவைக் கவுச்சி விடவைத்தவர்

மாங்காய் மண்டியில் லாரிக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மருமகன் போன் செய்தான். "மாமா, வேதாசலம் சார் பூட்டாரு. காத்தால காபி குட்ச்சிக்கினு இருக்கச்சொல்லவே சாஞ்சிட்டாராம்." சரி என்று போனை வைத்துவிட்டு லோடு முடியும்வரை அங்கேயே நின்றேன். கண்ணீர் வரவில்லை. வந்ததாக எழுத மாட்டேன்.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவருடைய நண்பர்கள் வந்தார்கள். "நல்லதா நாலு வார்த்த எழுதுப்பா, அவரோட நீதான் அதிகமா பேசிக்கினு இருந்த" என்றார்கள். உண்மைதான். ஆனால் பேசியதெல்லாம் சண்டை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வேதாசலம் அவர்கள் மாங்கூழ் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், சட்டைப் பையில் எப்போதும் துளசி. அதே ஆலையில் கூடை தூக்கியவன் நான். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தெலுங்கு. அதுவும் பாதியில் நின்றது. தமிழை சினிமா போஸ்டரிலும் பொட்டலக் காகிதத்திலும் நானே எழுத்துக்கூட்டிக் கற்றேன். இதில் பிழை இருந்தால் திருத்துங்கள். கருத்தைத் திருத்தாதீர்கள்.

ஓய்வு பெற்றதும் அவர் கெங்கம்மா கோயில் கமிட்டிக்குத் தலைவரானார். வேப்பமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் நின்றவளைச் சுற்றி டைல்ஸ் பதித்தார், கிரில் கேட் வைத்தார். அவள் நெற்றியில் நாமம் இட்டு, கழுத்தில் துளசி மாலை போட்டார். அவளுடைய திருவிழாவான ஜாத்திரைக்கு முன்பு ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார்: "கெங்கம்மா கவுச்சி உட்டுட்டா. இனிமே ஆடு, கோழி கெடயாது. திருப்பதி பெருமாளுக்குத் தங்கச்சி அவ. அண்ணனுக்கு ஆவாதது தங்கச்சிக்கு எதுக்கு?"

நான் எழுந்தேன். "சார், ஞாயித்துக்கெழம ஆனா உங்க தங்கச்சி வூட்டுக் கருவாட்டுக் கொழம்பு தெருவையே தூக்குது. அண்ணனுக்கு ஆவாதது அவங்களுக்கு எப்டி ஆச்சி?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அவ மனுசி, முனிசாமி. தப்பு பண்ணுவா."

"அப்ப கெங்கம்மா இத்தினி காலம் துன்னது தப்பா?"

"தெரியாம துன்னா. இப்ப தெரிஞ்சிக்கினா."

"யார் சொல்லித் தெரிஞ்சிக்கினா? நீங்களா?"

மைக்கை அணைத்துவிட்டார்.

ஆட்டுக்கறிக்காக நான் சண்டை போட்டதாக இன்றும் சிலர் சொல்கிறார்கள். கறி பாகாலாவில் தினமும் கிடைக்கும். எங்கள் காலனி ஆட்களுக்கு இந்த ஊரில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத நாளிலும், ஜாத்திரையன்று அவள் முன்னால் நிற்கும் இடம் எங்களுடையது. பறை எங்களுடையது. கெடா வெட்டும் கை எங்களுடையது. ஆடு போனதும் அந்த இடமும் போனது. கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்று தொன்னையில் சுண்டல் வாங்கினோம். குங்குமம் தடவிய பூசணிக்காயை வெட்ட வரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். என் நைனா பிடித்த கத்தி பூசணிக்காய்க்கு இறங்காது என்று திருப்பி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு டீக்கடையில் எங்கள் சண்டை நிற்கவே இல்லை.

"மனுசன் மனசு மாறலாம், சாமி மாறக்கூடாதா? அவளுக்குன்னு ஒரு நம்பிக்க இருக்கக்கூடாதா?" என்பார்.

கண்ணால் காணாததைத்தான் நம்பவேண்டும் என்பது என் கட்சி. கெங்கம்மா இருக்கிறாள் என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பார்க்கிறவளுக்கு நம்ப என்ன இருக்கிறது? நம்பிக்கை வந்தால் கூடவே சந்தேகமும் வரும். "சந்தேகம் வந்தா அவ எந்தக் கோயிலுக்கு சார் போவா?" என்று கேட்டேன்.

"திருமலைக்குப் போவா, அண்ணன் கிட்ட" என்றார் பட்டென்று. "அது இருக்கட்டும். அவளுக்கு எதுலயும் நம்பிக்க கெடயாதுன்னா, ஆடு புடிக்கும்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

கடைக்காரர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பதில் வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான். பிடிப்பது வேறு, நம்புவது வேறு. பசிக்கு மதம் கிடையாது. மறுநாள் போய்ச் சொன்னேன். "நேத்து சண்டய இன்னிக்கி இழுக்காத" என்று எழுந்து போய்விட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

போன வருடம் நெஞ்சுவலி என்று அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருடைய மனைவி ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருடமும் என்னை 'முனிசாமி' என்றே கூப்பிட்டவர், வாசலில் நின்று, "அண்ணா, கெங்கம்மாவுக்கு ஒரு கெடா நேந்துக்கினேன். அவருக்குத் தெரியவாணாம்" என்றார். நானே சந்தைக்குப் போய்க் கருப்புக் கெடா ஒன்று பிடித்து வந்தேன்.

பிழைத்து வந்தார். தன் வீட்டுக் கொல்லையில் ஆட்டைப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கெங்கம்மா தன் நம்பிக்கய தானே ஒடச்சித்தான் என்னக் காப்பாத்தினான்னா, அந்த உசுரு எனக்கு வாணாம், முனிசாமி. நான் இருக்கற வரைக்கும் இதும்மேல கை வெக்காதீங்க."

மனைவி அழுதார். அவர் அசையவில்லை. நேர்த்திக்கடன் நின்றது. ஆனால் தினமும் பலாத்தழை ஒடித்து வந்து அந்த ஆட்டுக்குத் தன் கையால் கொடுத்தார். நான் வழியில் போகும்போது வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "சார், சாமி சாப்பாட்ட நல்லா வளத்துக்கினு இருக்கீங்க" என்பேன். "போய்யா" என்பார்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் அந்த அம்மா என் கையில் கயிற்றைக் கொடுத்தார். "வாணாம்னது அவரு. நேந்துக்கினது நானு. இந்த ஜாத்திரைக்குக் குடுத்துடுண்ணா. கமிட்டில யார்னா கேட்டா என் பேரச் சொல்லு."

வெட்டுவதற்கு முன் ஆட்டை அவளுக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கேட் திறந்திருந்தது. அந்த டைல்ஸ் மேல் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கயிற்றைத் தளர்த்தினேன். ஆடு நேராகப் போய், கெங்கம்மா கழுத்திலிருந்த துளசி மாலையைக் கடித்து இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. அவர் கடைசியாகப் போட்ட மாலை அது. நான் தடுக்கவில்லை. அவளும் தடுக்கவில்லை.

அவர் இருந்திருந்தால், "பாத்தியா, ஆடு எப்டி பயமில்லாம அவகிட்ட நிக்குது" என்றிருப்பார். "துன்றதுக்கு முன்னால தீனி போடறா சார்" என்றிருப்பேன். சொல்லத் திரும்பினேன். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.

இந்த ஜாத்திரைக்கு என் நைனா கத்தியால்தான் வெட்டுவேன். அதில் மாற்றம் இல்லை. வேதாசலம் சார், நீங்கள் இப்போது போயிருக்கும் இடத்தில் அவள் இருந்தால் நேராகவே கேட்டுவிடுங்கள். கவுச்சி விட்டது உண்மையென்றால் அவளே வந்து என் கையைப் பிடிக்கட்டும். நீங்கள் சொல்லி அனுப்பினால் நம்பமாட்டேன். போய்வாருங்கள்.