மேக்னத்தில் அடைக்கப்பட்ட ஆர்லோ டால்பெர்க்

டேல் தன் அப்பாவை ஒரு தோட்டாப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து சமையலறை மேசைமேல் வைத்தான். எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

பெட்டி அழகாகத்தான் இருந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. ‘ஆர்லோ டால்பெர்க், கடைசி வேட்டை’ என்று மேலே அச்சடித்திருந்தார்கள். உள்ளே தோட்டாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு குண்டின் முனையையும் குடைந்து, ஒரு சிட்டிகை சாம்பலைத் திணித்து, நீலப் பிசின் வைத்து மூடியிருந்தது. ஐடஹோவில் ஒருவன் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறானாம். சாம்பலை அனுப்பினால் தோட்டாவாகத் திருப்பி அனுப்புவான். கூடவே ஓர் அனுதாப அட்டையும் வைப்பான். அதில் கழுகுப் படம் போட்டிருந்தது.

அக்கா கிரெட்டா ஒரு தோட்டாவை எடுத்து விளக்கடியில் உருட்டினாள். அடியில் பொறித்திருந்ததைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

“டேய், இது மேக்னம்.”

“ஆமாக்கா.”

“அப்பாவ மேக்னத்துல அடைச்சிருக்க.”

“எல்க்குக்குத்தானே? கொஞ்சம் பலமா இருக்கட்டுமேன்னு...”

அடுப்படியில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்த அம்மா லவோன் திரும்பியே பார்க்கவில்லை. “ஆகஸ்ட்லயே போய்ச் சேர்ந்தது நல்லதாப் போச்சு. இதப் பாத்திருந்தா மனுஷனுக்கு இப்ப உசிரு போயிருக்கும்,” என்றாள்.

ஆர்லோ பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் கவுன்டி நிர்வாகத்துக்குச் சாலை போட்டவர். கோடையில் மண்சாலைகளை மட்டம் தட்டும் இயந்திரம், பனிக்காலத்தில் பனி தள்ளும் இயந்திரம். இரண்டிலும் அவருக்கு ஒரே இருக்கை, ஒரே தெர்மாஸ், ஒரே முகம். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அந்த இருக்கையிலேயே இதயம் நின்றுவிட்டது. இயந்திரம் நிற்கவில்லை. தகட்டை மண்ணில் அழுத்தியபடியே போய் ஒரு வேலியைச் சாய்த்து, ஓடையோரம் மாட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்ததாம். வேலிக்குச் சொந்தக்காரன் துக்கம் விசாரிக்க வந்தபோது வேலியைப் பற்றித்தான் அதிகம் பேசினான்.

ஆர்லோவுக்குப் பிடித்தவை என்று சொல்ல அதிகம் இல்லை. ஏளனம் செய்யத்தான் அவருக்கு உலகம் முழுக்க இருந்தது. நான்கு சக்கர மோட்டாரில் மலையேறி வேட்டையாடுகிறவர்கள். எல்க் இறைச்சியைப் பன்றிக்கொழுப்போடு அரைத்துச் சாசேஜ் ஆக்குகிறவர்கள். எல்லாருக்கும் மேலே, மருந்து அதிகம் அடைத்த அசுர வேகத் தோட்டாக்களை நம்பும் மேக்னம்காரர்கள்.

ஒரு அக்டோபரில் நகரத்துத் துப்பாக்கிக் கடையில் சியாட்டிலிலிருந்து வந்த ஒருவன் கவுன்ட்டரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தான். புத்தம்புதுக் காலணி, விலைச்சீட்டு ஒட்டிய பசைகூட இன்னும் போகவில்லை. கடைக்காரன் ஒரு பெட்டியைத் திருப்பிக் காட்டி, அதன் முதுகில் அச்சடித்திருந்த வேகத்தையும் விசையையும் வேதம்போல வாசித்தான். அறுநூறு கஜத்திலிருந்து எல்க்கை வீழ்த்தலாமாம்.

ஆர்லோ பின்னால் நின்று கேட்டார். “ஏங்க, அறுநூறு கஜத்துல நிக்கிறது எல்க்குதான்னு எப்படித் தெரியும்? அது எங்க பக்கத்து வீட்டுக்காரன் கோவேறு கழுதையா இருந்தா?”

“என்கிட்ட நல்ல தொலைநோக்கி இருக்கு சார்.”

“தொலைநோக்கி இருக்கு. கிட்ட போகக் கால் இருக்கா?”

கடைக்காரன் அதற்குப்பின் ஆர்லோவுக்குக் காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டான். ஆர்லோ அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவருடையது பழைய தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் துப்பாக்கி. அவர் அப்பா காலத்து ரகம். அதற்கான தோட்டாக்களை மார்ச் மாதத்தில், சாலை சேறாகக் கிடந்து வேலை இல்லாத நாள்களில், கொட்டகையில் உட்கார்ந்து தானே மருந்து நிரப்பிச் செய்வார். நூற்றெண்பது கிரெயின் எடையுள்ள தடித்த குண்டு. ஈயமும் செம்பு உறையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. வேகம் சுமார். கடைப்பெட்டிகளின் முதுகில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் எலும்பைத் துளைத்துப் போய் அந்தப்பக்கத் தோலடியில், நாய்க்குடை போல விரிந்து, உடையாமல் நிற்கும். அதைத் தோண்டியெடுத்துக் கழுவி எடை போடுவார். தொண்ணூறு சதவீதம் மிச்சமிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆர்லோவிடம் பாராட்டு என்பது அதுதான்.

கிரெட்டாவுக்கு இந்த விஷயம் நன்றாகப் புரியும். பில்லிங்ஸ் நகரத்தில் எண்ணெய் ஆலைகளுக்கான குழாய்களின் வெல்டிங்கை இழுத்தும் வளைத்தும் ஒடித்துப் பார்க்கிற பொறியாளர் அவள். அவள் பட்டம் வாங்கி வந்த அன்று ஆர்லோ கேட்டது ஒரே கேள்வி: “இரும்ப ஒடிக்கிறதுக்கு நாலு வருஷமா?”

டேல் கொண்டுவந்திருந்த தோட்டாவை அவள் மேசைமேல் நிறுத்தினாள்.

“மெல்லிசு உறை. மூக்கு குடைஞ்சிருக்கு. அதுக்குமேல மேக்னம் வேகம். அம்பது கஜத்துல தோள் எலும்புல பட்டா என்ன ஆகும் தெரியுமா? வெளிய சோத்துத்தட்டு அளவுக்குக் காயம், உள்ள நுரையீரல்ல ஒரு கீறல் இருக்காது. எல்க் நாலு மைல் ஓடும். எங்க செத்துச்சுன்னு அண்டங்காக்கா வந்து சொன்னாத்தான் தெரியும்.”

“அவன் கேரன்டி தர்றான்க்கா. பெட்டியில போட்டிருக்கு.”

“செத்தவருக்கு யார்டா கேரன்டி தர்றது?”

லவோன் வறுத்த உருளைக்கிழங்கை மேசைக்குக் கொண்டுவந்தாள். “எனக்கு ஒரு சந்தேகம். குண்டு உள்ள சிதறும்கிறீங்க. அப்ப இறைச்சியில சாம்பலும் கலக்கும். நான் அத சமைக்கணும். நாப்பது வருஷம் அந்த மனுஷன் என்னைத் தின்னாரு. இப்ப நான் அவரைத் திங்கணுமா?”

டேலுக்கு முகம் சிவந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள், தச்சுக் குழு ஒன்றுக்கு மேஸ்திரி. இந்தச் சமையலறைக்குள் வந்தால் மட்டும் பள்ளிக்கூடப் பையன்.

“சனிக்கிழமை இதத்தான் எடுத்துட்டுப் போறேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வராதீங்க.”

“சரி. தட்டு வை,” என்றாள் கிரெட்டா.

டேல் தோட்டாவை எடுத்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்தான்.

தட்டு என்பது அந்த வீட்டுச் சட்டம். வேட்டைக்கு முன் நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டை ஆணியடித்து, மலைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில் மூன்றைச் சுட வேண்டும். மூன்றும் தட்டுக்குள் விழாதவன் வீட்டிலேயே இருந்து விறகு பிளக்கலாம். ஆர்லோவே ஒரு வருடம், துப்பாக்கியின் தொலைநோக்கி இளகியிருந்தது தெரியாமல், தட்டைத் தவறவிட்டு விறகு பிளந்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் அவரிடம் பேசவில்லை. பேசத் துணியவில்லை.

“சோதிச்சா தீந்துடும்க்கா,” என்றான் டேல் கடைசியாக. “ஒவ்வொண்ணும் அப்பா.”

“நான் தினம் பண்ற வேலை அதுதான். ஒடிச்சுப் பாத்த குழாயத் திரும்ப மாட்ட முடியாது. அதுக்காக ஒடிக்காம எவனும் எண்ணெய் விடமாட்டான்.”

“அப்பா குழாய் இல்லை.”

“இல்லதான். குண்டும் இல்ல.”

லவோன் முள்கரண்டியை வைத்தாள். “தட்டு வைங்க. ரெண்டு பேரும். நானும் வரேன். எல்க்கக் காயப்படுத்தி ஓடவிட்டாங்கன்னு இந்த வீட்டுப் பேரு அடிபடக் கூடாது.”

மறுநாள் காலை மூன்று பேரும் ஊருக்கு வெளியே இருந்த கைவிட்ட ஜல்லிக்குழிக்குப் போனார்கள். வேட்டைக்கு முந்தின நாள் என்பதால் அங்கே ஏற்கெனவே கூட்டம். புதுத் துப்பாக்கியை அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தவர்கள், முந்தின வருடத்து மிச்சத் தோட்டாக்களைச் சட்டைப்பையிலிருந்து கொட்டுகிறவர்கள், ஒருவன் பீர் டப்பாவைச் சுட்டுவிட்டுச் சோதனை முடிந்தது என்று கிளம்பினான். கிரெட்டா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவின் அதே பார்வை என்று லவோன் வண்டிக்குள் இருந்தபடி நினைத்தாள்.

கூட்டம் கலைந்தபின் டேல் படுத்து, மணல்மூட்டை மேல் துப்பாக்கியை வைத்தான். முதல் குண்டு தட்டுக்கு ஒரு முழம் கீழே மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்றாவது தட்டின் ஓரத்தில் பட்டது. கிரெட்டா நடந்துபோய்ப் பார்த்தாள். ஓட்டை வட்டமாக இல்லை. நீளமாக, சாவித்துவாரம் போல இருந்தது.

அவள் தட்டைப் பிய்த்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“பக்கவாட்டுல போயிருக்கு. மூக்குல எடை ஒருபக்கமா இருக்கு. பறக்கும்போதே குட்டிக்கரணம் அடிக்குது. எவனோ ஒருத்தன் ஐடஹோவுல மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கரண்டியால அள்ளி அடைச்சிருக்கான். இது வேட்டைத் தோட்டா இல்லடா, திருவிழாப் பட்டாசு. நீயும் அத நம்பி...”

“போதும்க்கா.”

“அதுலயும் மேக்னம்! அந்த ஒரு சொல்லக் கேட்டா காறித்துப்புற மனுஷனை...”

“அதனாலதான்!” டேல் கத்தினான். குழிச்சுவரில் எதிரொலித்தது. “பதினாறு வயசுல எனக்கு சொன்னாரு, நீ விசையத் தொடுறதுக்கு முன்னாலயே கண்ண மூடிடுறன்னு. கடைக்காரன் முன்னால சொன்னாரு. அன்னிக்கு முடிவு பண்ணி வாங்கினது இந்த மேக்னம் துப்பாக்கி. எத்தனை வருஷம் ஆச்சு? ஒருநாள், ஒரே ஒருநாள், இதக் கையில எடுத்துப் பாத்தாரா? எண்ணெய் போட்டியான்னு கேட்டாரா? ஒரு தடவையாவது அவர் என் துப்பாக்கியில வரட்டும்னு நினைச்சேன். வேற வழி தெரியல.”

கிரெட்டா கையில் தட்டு காற்றில் படபடத்தது. அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. ஏளனமான பதில், சுருக்கமானது. அதைச் சொல்லவில்லை.

அவள் வண்டியிலிருந்து அப்பாவின் துப்பாக்கியை எடுத்து வந்தாள். அந்த சீசனுக்கு அதைத் தான் எடுப்பது என்று யாரிடமும் கேட்காமல் முடிவு செய்திருந்தாள். அவர் கடைசியாக மார்ச்சில் செய்த தோட்டாக்களில் மூன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள். புதுத் தட்டை ஆணியடித்துவிட்டு வந்தாள்.

“சுடு.”

“எனக்கு...”

“இது அவ்வளவு உதைக்காது. கண்ணத் திறந்துட்டே சுடலாம்.”

மூன்றும் தட்டில் விழுந்தன. உள்ளங்கைக்குள் மூடிவிடலாம் போல நெருக்கமாக. டேல் நெடுநேரம் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

“அப்ப, நான் கண்ண மூடுறேன்னு அப்பா சொன்னது சரிதான்,” என்றான்.

“சரிதான். ஆனா மேக்னத்துல அந்த உதைக்கு அவரும் மூடியிருப்பாரு. அதனாலதான் அவர் அதத் தொடல. சனிக்கிழமை இத நீ எடு.”

“நீ?”

“நான் சும்மா கூட நடந்து வரேன்.”

வண்டிக் கண்ணாடி இறங்கியது. “அந்தக் கறுப்புப் பெட்டிய மறுபடி என் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க,” என்றாள் லவோன். “புருஷன அலமாரியில வெடிமருந்தோட வச்சிக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது. இங்கயே முடிங்க.”

டேல் தன் மேக்னம் துப்பாக்கியோடு மறுபடி படுத்தான். ஒன்றன்பின் ஒன்றாகக் குழியின் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சுட்டான். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி அவன் தோளில் குத்தியது. பாதிப் பெட்டியில் அவன் தோளைத் தேய்த்துக்கொண்டான். ஆனாலும் நிறுத்தவில்லை.

“அக்கா, அப்பா உயிரோட இருந்தப்ப இவ்வளவு அடிச்சதில்ல.”

“வட்டியோட வாங்கிக்க.”

அவன் சிரித்தான். மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தான். கடைசித் தோட்டாவை நிரப்பாமல் அவளிடம் நீட்டினான்.

கிரெட்டா வாங்கினாள். படுத்தாள். தட்டின் நடுவைக் குறிபார்த்து, அப்பா சொல்லிக்கொடுத்தபடி பாதி மூச்சை விட்டு, விசையை மெல்ல அழுத்தினாள். கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தாள். உதை காறை எலும்பில் இறங்கியது. காது அடைத்தது. இறுதிச் சடங்கில் வராதது, தகனப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது வராதது, இப்போது வந்தது. தலையைத் துப்பாக்கிக் கட்டைமேல் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

“சீ. என்ன மட்டமான தோட்டா,” என்றாள் அழுகைக்கு நடுவே.

டேல் தட்டைப் பார்க்க நடக்கத் தொடங்கினான்.

“போகாதடா,” என்றாள். “எங்க வேணா பட்டிருக்கட்டும்.”