எல்லைக் கல்லருகே இறக்கி வைத்த டோலி

மூன்று வருஷத்துக்கு முன், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம், கொல்லிமலையில் குண்டனி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்தது இது. மிஷன் வைத்தியசாலையில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் துரைக்குத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை. மலைக்காரர் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை மலைக்காரருக்கும் எடுத்துச் சொல்வதுதான் என் உத்தியோகம்.

துரை வாரம் ஒருமுறை தம் மோட்டாரை மலையடிவாரத்துக் காரவள்ளியில் நிறுத்திவிட்டு நடந்தே மலையேறுவார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால், "பத்தியம் சொல்லாத மருந்து என்ன மருந்துங்க?" என்று சிரிப்பார்கள். வாங்கிப் போய்ப் பொட்டலத்தோடு கூரையில் செருகிவிடுவார்கள்.

அன்று ஒருவர் எங்களைத் தேடி ஓடி வந்தார். அவர் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. துரை பார்த்துவிட்டு, இங்கேயே வைத்திருந்தால் இரண்டு உயிரும் போய்விடும், கீழே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தால் பிழைக்கலாம் என்றார். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. எல்லைக் கல்லைத் தாண்டி வெளியே செத்தவரின் உடலைத் திரும்ப ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் பெண்ணின் அப்பா வேண்டாம் என்று தடுத்தார். புருஷன்தான் பிடிவாதமாகக் கட்டிலை மூங்கிலில் கட்டி டோலியாக்கினார்.

உறவுக்காரர் நாலு பேர் தூக்கினார்கள். துரைக்குப் பூட்ஸ் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு பாறையில் சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தொரையையும் சேத்தித் தூக்கோணுமாட்ட இருக்குது" என்று முன்னால் போனவர் சொல்ல, புருஷன்கூட லேசாகச் சிரித்தார். அவ்வளவு நம்பிக்கை இருந்தது எங்களுக்கு.

எல்லைக் கல்லருகே தோள் மாற்றுவதற்காக டோலியை இறக்கினார்கள். அதுவரை முனகிக்கொண்டிருந்த அந்தப் பெண் புருஷன் கையைப் பிடித்தாள்.

"இங்கயே உட்டுருங்க. நம்ம மண்ணுலயே போயிக்கறேன்."

துரைக்குச் சொன்னேன். அவர் நாடியைப் பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது, நிற்க நேரமில்லை என்றார். அதையும் சொன்னேன். புருஷன் துரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, பொழைச்சுக்குவாளா?"

"பொழைக்கலாம்னு சொல்றாருங்க."

"படிச்சவங்க சொல்றீங்க" என்றவர், ஆட்கள் பக்கம் திரும்பினார். "தூக்குங்கடா."

பாதை திரும்பி மறைக்கும்வரை அவள் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு போனாள்.

காரவள்ளிக் கூரைகள் தெரியும் கடைசி இறக்கத்தில், பின்னால் தூக்கி வந்தவர் நின்றுவிட்டார். "பாரம் ஏறிப்போச்சுங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. மற்ற மூவருக்கும் விளங்கிவிட்டது. துரை மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. கீழே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில், மோட்டார் வெயிலில் மின்னியது.

யாரும் சொல்லாமலே டோலி மலைப்பக்கம் திரும்பியது. துரையும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். எல்லைக் கல்லில் ஊரே நின்றது. முன்னால் பெண்ணின் அப்பா.

"எம் பொண்ணுதானுங்க. ஆனாலும் உள்ள உட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லின் மேலேயே விழுந்து அழுதார்.

கல்லுக்கு வெளியே, சரிவில் குழி வெட்டினோம். துரை ஜபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அதன்பின் அந்த ஊரில் யாரும் டோலி கட்டவில்லை. பாம்பு கடித்தாலும் காய்ச்சல் கண்டாலும் வீட்டிலேயே கிடந்து செத்தார்கள். எங்களைக் கண்டு கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள், நன்றாகப் பேசினார்கள், நோயாளியை மட்டும் காட்டவில்லை. கதவைச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுவருஷம் பேளுக்குறிச்சிச் சந்தையில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தோம். மிளகு மூட்டையோடு வந்த அந்தப் புருஷன் எங்கள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தொரைகிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னிக்கு அந்தக் கல்லுகிட்ட நிக்கறப்பவே, அவ பொழைக்க மாட்டான்னு தொரைக்குத் தெரியுமுங்களா?"

கேட்டேன். துரை, அநேகமாகத் தெரியும், ஆனாலும் முயலாமல் விட மனம் வரவில்லை என்றார். அதையும் மாற்றாமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்படீன்னா அவ கேட்டதக் குடுத்திருக்கலாமில்லீங்க, சாமி?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

என்ன சொன்னார் என்று துரை கேட்டார். என் உத்தியோகத்தில் அந்த ஒன்றை மட்டும் நான் எடுத்துச் சொல்லவில்லை.

வேறு ஊர்களிலிருந்து இப்போதும் ஒன்றிரண்டு டோலிகளை அதே பாதையில் இறக்குகிறோம். சிலர் பிழைக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லருகே வந்து தோள் மாற்ற நிற்கும்போது, தூக்குங்கள் என்று சொல்லவும் எனக்கு நா எழுவதில்லை, இறக்கி வையுங்கள் என்று சொல்லவும் நா எழுவதில்லை.