பாலத்துக்கு அடியில் மூன்று தடவை

போன வாரம் ஒரு காலை, எங்கள் ஊர் மாசாயில் ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரிக் காவல் வேலை முடித்து வருகிறவன் முகம் நேற்றுப் போட்ட ரொட்டி மாதிரி இருக்கும். அந்த முகத்தோடு டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. முழுக்க வெள்ளை. கண்ணாடியைத் துடைத்தேன், போனைத் துடைத்தேன், பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். "விரல வச்சு எடுத்திருக்காங்க லா" என்றார்.

அனுப்பியவள் பவானி. என்னோடு கப்பலில் வேலை செய்த சின்னையா அண்ணனின் மகள். சிங்கப்பூரில் வேலை, கம்பெனி அவளை சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏதோ கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "மாமா, பாலத்துக்கு நடுவுல நிக்கிறேன். நீங்க நின்ன இடம் இதுதானா?"

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன். நான் அந்த இடத்தில் நின்றதே இல்லை. முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்குத் தெரிந்த மனுஷர் மாதிரி இருக்கிறீர்கள்.

நான் படித்தது நாலாவது வரைக்கும். அதிலும் நாலாவதை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. இப்படிப்பட்ட படிப்பாளிக்குக் கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலை கிடைத்தது. சேர்த்துவிட்டவர் சின்னையா அண்ணன்தான். கோத்தா திங்கி பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையும் சேர்த்து நான் பேசுவேன்.

அவர் படுக்கைக்கு மேலே காலண்டரில் கிழித்த ஒரு படம் ஒட்டியிருந்தது. சிவப்புப் பாலம், நீலக் கடல். எங்கள் கப்பல் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்து துறைமுகத்துக்குப் போக அந்தப் பாலத்துக்கு அடியில்தான் நுழையும். ஆனால் துறைமுகத்துக்குள் போகும்போதும் வரும்போதும் எஞ்சின்காரர்கள் கீழே இருந்தே ஆகவேண்டும். நாலு பக்கமும் இரும்பு, காது கிழிகிற சத்தம். பாலம் தலைக்கு மேலே போய்விடும். "மூணு தடவ அதுக்கு அடியில போயிட்டேன்டா, ஒரு தடவ கூடப் பாக்கல" என்பார்.

நான் போன அந்தப் பயணத்தில் எங்கள் எஞ்சின் பகுதியில் ஒருவனுக்கு மட்டும் ஒரு நாள் வெளியே போக விட்டார்கள். முறைப்படி அது அண்ணனுடைய நாள். நான் முதல் தடவை அமெரிக்கா வந்தவன். வாயைத் திறந்து கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அது கேட்பதை விட மோசம். அண்ணன் பார்த்தார். "நீ போடா. எனக்கு அடுத்த ட்ரிப் இருக்கு. பாலத்தப் பாத்துட்டு வந்து சொல்லு."

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போனவன் திரும்பி வந்ததும், அவனுக்காகத் தங்கினவன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பார்த்தது, தின்றது, வழி தப்பினது, ஒன்றும் விடக்கூடாது. சொல்லி முடித்த பிறகுதான் சட்டையைக் கழற்றலாம்.

படகு ஏறி நகரத்துக்குப் போனேன். கரையில் நண்டு வேகிற வாசனை. இன்றைக்கும் எங்கள் பக்கம் பொந்தியானில் எந்தக் கடையிலாவது நண்டுச் சட்டியைத் திறந்தால் அந்தக் கரையில் போய் நிற்பேன். பலகை மேடையில் கடல்சிங்கங்கள் படுத்துக்கொண்டு குரைத்தன. எங்கள் தலைமை இன்ஜினியர் ஞாபகம் வந்தது. ஒரு கடையில் சிப்பி சூப்பை ரொட்டிக்குள் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் சூப்பைக் குடித்துவிட்டு, ரொட்டியை அவர்கள் கிண்ணம் என்று நினைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் வாயைத் தொட்டுக் காட்டினாள். அங்கேயே நின்று கிண்ணத்தைத் தின்றேன்.

கப்பல்காரர்கள் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்த பட்டியல் வேறு. தொப்பி, சாவிக்கொத்து, சட்டை. கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆயர் ஈத்தாமில் பஸ் நிற்கும்போது பார்க்கிற அதே சாமான், எழுத்து மட்டும் வேறு. பவானிக்கு ஒரு கண்ணாடி உருண்டை வாங்கினேன். உள்ளே குட்டிப் பாலம், குலுக்கினால் பனி கொட்டும். அந்த ஊரில் பனி கொட்டுவதே அபூர்வம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் பாலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். இறங்கினால் மூடுபனி. பாலம் இல்லை. கடல் இல்லை. ஒரு சிவப்புக் கைப்பிடி மட்டும் வெள்ளைக்குள் போய் மறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்திருப்பேன். காலடியில் பாலம் நடுங்கியது. கீழே எங்கேயோ கப்பல்களுக்கு வழி காட்டுகிற மூடுபனிச் சங்கு ஊதியது, மாடு அழுகிற மாதிரி. முன்னால் யாரோ நிற்பது போலவும் இருந்தது. அலமாக் என்று கத்திக்கொண்டு, எண்ணெய் துடைக்கிற வீரன் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வந்துவிட்டேன்.

அண்ணன் படுக்கையில் காலை மடக்கி, ஒரு கோப்பை டீயோடு காத்திருந்தார். கடல்சிங்கம், சூப்பு, கிண்ணம், எல்லாம் உண்மையாகத்தான் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார். பிறகு, "பாலம்?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து, ஓடி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? நடுவில் போய் நின்றேன் என்றேன். வெயில், காற்று, காலண்டரில் இருப்பதை விடச் சிவப்பு. கீழே எங்கள் கப்பல் மாதிரியே ஒன்று போனது, நான் கையை ஆட்டினேன் என்றும் சொன்னேன்.

"கீழ உள்ளவன் பாத்தானா?"

"பாத்தாண்ணே. அவனும் ஆட்டினான்."

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். மேல் தளத்தில் இருந்தவனிடம் அண்ணன் சொல்லி வைத்திருந்தார் போல. பாலம் நெருங்கியதும் அவன் எஞ்சின் அறைக்குப் போன் செய்தான். அண்ணன் போனை வைத்துவிட்டு, எண்ணெய்த் துணி இருந்த கையை உயர்த்தி, இரும்புக் கூரையைப் பார்த்து மெதுவாக ஆட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "மேல எவனாச்சும் நிப்பான்லடா" என்று என் காதில் கத்தினார்.

கண்ணை மூடினால் இப்போதும் அந்தக் கை வரும். முகம் மங்கிவிட்டது, கை மங்கவில்லை.

அந்தப் பயணம் முடிந்து வந்த லீவில் கோத்தா திங்கி வீட்டில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்குள் பாலத்துக் கதையை ஏழு வயது மகளுக்குச் சொல்லிவிட்டார், தான் கையை ஆட்டினதையும் சேர்த்து.

ரொட்டிக் கடையிலிருந்து பவானியைக் கூப்பிட்டேன். காற்று இரைச்சல்தான் முதலில் கேட்டது.

"பவானி, நான் அங்க நிக்கவே இல்லம்மா. இருபது அடி நடந்தேன், பயந்து ஓடி வந்துட்டேன். உங்க அப்பாகிட்ட சொன்னதெல்லாம் நானா கட்டினது."

போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள்.

"கீழ இருந்து கை ஆட்டினவன்?"

"அவனுந்தான்."

"அப்ப எங்க அப்பா யாருக்கு மாமா கை ஆட்டினாரு?"

ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கிய நான், ஆறிப்போன டீயை மறுபடி ஆற்றினேன். அந்தக் கப்பலை எப்போதோ இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். அண்ணன் படுக்கை, காலண்டர் படம், எல்லாம் போச்சு. கண்ணாடி உருண்டையை ஒரு வெள்ளம் கொண்டுபோனது. இப்போது வெளியே போகிறவன் போனைத் தூக்கிக் காட்டிவிடுகிறான். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல ஒன்றும் இல்லை, பொய் சொல்லவும் இடமில்லை.

போனில் அந்தச் சங்கு கேட்டது. அதே சங்கு.

"கீழ ஏதோ கப்பல் போவுது மாமா. ஒன்னும் தெரியல." வீடியோவைப் போட்டாள். முழுக்க வெள்ளை. அதற்குள் ஒரு கை எழுந்தது. அவள் கைதான். கீழே பார்த்து மெதுவாக ஆட்டியது, ரொம்ப நேரம் ஆட்டியது.

என் கையும் எழுந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு, கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து குடிக்க ஆள் இல்லை.