நாலு ராத்தல் கூடிய மாதம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மதுரையில் ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தேன். பழங்காநத்தத்திலிருந்து நடந்தே போவேன். சங்கு ஊதி இரண்டு நிமிஷம் தாமதமானால் கேட்டைச் சாத்திவிடுகிற ஆலை அது. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று ஒரு டாக்டரை வைத்தார்கள். பஞ்சுப் பொதி நிறுக்கிற தராசை இழுத்துப் போட்டு, மாதம் ஒருமுறை எங்களை ஒவ்வொருவராக ஏற்றி நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

எதற்கென்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? பட்டாளத்துக்குப் பிடித்துப் போகத்தான் என்றான் ஒருவன். மெலிந்தவனுக்குச் சீட்டுக் கிழியும் என்றான் இன்னொருவன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரன் பஞ்சு உடைக்கிற பகுதியில் இருந்தான். புருவமெல்லாம் பஞ்சு, ஓயாத இருமல். இரண்டாம் முறை நிறுக்கிற நாளன்று காலையில் என்னைத் தனியே இழுத்துப் போனான்.

"மாப்ள, வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. இந்தத் தடவ எம்புட்டுக் குறையப்போகுதோ! வேலை போச்சுன்னா பிள்ளைகள வச்சுக்கிட்டு என்னடா செய்வேன்?"

யோசனை என்னுடையதுதான். மிஷினில் உருளைகளை அழுத்திப் பிடிக்க இரும்புக் குண்டுகள் தொங்கும். உதிரியாகக் கிடந்த இரண்டை எடுத்து அவன் அரைஞாணில் கட்டி, மேலே வேட்டியை இறுக்கிவிட்டேன். தராசில் நாலு ராத்தல் கூடுதல். டாக்டர் முகம் மலர்ந்து, "பரவாயில்லையே, தேறிட்டியேப்பா" என்று முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றே எடை குறைந்த மூன்று பேரை டாக்டர் கூப்பிட்டார். தொலைந்தார்கள் என்றுதான் நினைத்தோம். மறுவாரம் பார்த்தால், இரண்டு பேரைத் தூசியில்லாத இடத்துக்கு மாற்றி, தினமும் பாலும் முட்டையும் கொடுக்கிறார்கள்! இன்னொருவனைச் சம்பளத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். என் குழப்பம் இன்னும் கூடியது. ஆலையாவது, பால் கொடுப்பதாவது? உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டேன்.

"வெட்டப்போற கிடாய்க்கும் மாலை போட்டுத்தான்டா கூட்டிட்டுப் போறாக. பேசாம இரு" என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது. பேசாமல் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, வேலை நடுவே, பஞ்சின் மேல் ரத்தமாக இருமினான். அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடி எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஆளை வெளிய அனுப்பவாய்யா நிறுத்தோம்? யாருக்கு நெஞ்சு கெட்டிருக்குன்னு கண்டுபிடிக்கத்தானே!" என்றார். அதை முதல் நாளே அவர் சொல்லியிருக்கக் கூடாதா? நாங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?

ஆறு மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனான். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே, நாலு ராத்தல் கூடியிருக்குன்னு அம்புட்டுச் சந்தோசமா வந்து சொன்னாரே. தேறுன மனுசனுக்கு எப்படிண்ணே இப்படி ஆகும்?"

தெரியலையே தாயி என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே வந்துவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ முறை அவள் வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவள் மனம் ஆறுமா, அல்லது இருக்கிற ஆறுதலும் போய்விடுமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.