மணல்மேட்டில் ஏழு பேர்

பழவேற்காட்டு ஏரியில் படகு ஓட்டும் விமலுக்கு வயது இருபத்து நாலு. படகைக் கட்டுவதற்கு முன் கழியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். ஏறியவர்களை இரண்டு தரம் எண்ணுவான்.

"இன்னாடா, ஆடு ஓட்டிக்கினு போறியா?" என்று கூடப் படித்த மூர்த்தி கேலி செய்வான். ஆனால் மூர்த்திக்குக் காரணம் தெரியும். அன்று மணல்மேட்டில் இருந்த ஏழு பேருக்குமே தெரியும்.

அது 2015 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. மழை எச்சரிக்கை வந்து பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நாகப்பன் படகில் ஏழு பிள்ளைகள் ஏறினார்கள். விமலுக்குப் பதினாலு வயது. அவன் தம்பி சின்னதம்பிக்கு ஆறு. அம்மா மனோரமா காலையில் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி கைய வுடாத." மற்றவர்கள் விமலின் வகுப்பு மூர்த்தி, மூன்றாம் வகுப்பு இரட்டையர் இரண்டு பேர், சந்தியா, பதின்மூன்று வயதுப் பூவிழி. பூவிழியின் அப்பா கருப்பன் கையால் தடவி இறால் பிடிப்பவர். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை.

மூன்றே கால் மணிக்குப் படகு சேற்றில் தட்டியது. பாரம் குறையட்டும் என்று பிள்ளைகளைப் பக்கத்து மணல்மேட்டில் இறக்கிவிட்டு நாகப்பன் படகைத் தள்ளினார். படகு விடுபட்டது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. அன்று மதியம் முகத்துவாரம் உடைந்து ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. நாகப்பன் கையை ஆட்டியபடியே சிறியதாகிப் போனார்.

அந்த மேட்டில் ஆறு பனைமரம், ஒரு முள்காடு. வேறு எதுவும் கிடையாது.

முதல் மாலை பூவிழி சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. பனையடியில் மணலைக் கையால் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் உப்பில்லாத தண்ணீர் ஊறியது. சாப்பாட்டு டப்பா மூடியில் மொண்டு சின்னவர்களுக்கு முதலில் கொடுத்தாள். விமல் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் அப்பா சொந்தப் படகும் வலையும் உள்ளவர், ஊரில் பெரிய சம்மாட்டி. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியவில்லையே என்பது அவனைக் குத்தியது.

இருட்டத் தொடங்கியபோது முள்காட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல. இரட்டையர் அழ ஆரம்பித்தார்கள். சின்னதம்பி அண்ணன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பூவிழி எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீலக் கிழிசல். "இறால் குட்டைல விரிக்கிற ஷீட்டு. காத்துல பறந்து வந்து முள்ளுல மாட்டிக்கிச்சு."

சின்னவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள். அப்போதுதான் விமல் சொன்னான்:

"இப்ப ஷீட்டு. ராத்திரில அது இன்னாவா இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

ஏன் சொன்னான் என்று அவனுக்கு அன்றே தெரியும். அவனுக்கும் பயம்தான். ஆனால் எல்லோரும் பயந்தால் எல்லோரும் தன்னை ஒட்டி உட்காருவார்கள் என்பதும் தெரிந்தது. அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அந்த இரவு ஒருவரும் கண்மூடவில்லை.

விடிந்ததும் விமல் ஏரியைக் காட்டினான். மேட்டிலிருந்து ஊர்க்கரை வரை சவுக்குக் கழிகள் வரிசையாக நின்றன. ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். இன்ன நாள் இன்னாருக்குப் பாடு என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்தப் பாடுகளின் எல்லைக் கழிகள் அவை. ஓரமாக நடந்தால் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பது ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

"கழி ஓரமா நடந்தே பூடலாம். இன்னொரு ராத்திரி இங்க இருக்க முடியாது."

பூவிழி முழங்கால் வரை இறங்கி நின்றாள். குனிந்து பார்க்கவில்லை, பாதத்தை மட்டும் நகர்த்தினாள்.

"வேணா விமலு. மூணாவது கழி ஆடுது பாரு. அடில மண்ணு இல்ல. தண்ணி அறுத்துட்டுப் போயிருக்குது."

"எங்க நைனா நட்ட கழி. அது நிக்குது இல்ல? நின்னா மண்ணு கீதுனு அர்த்தம்."

"நிக்கல. ஆடுது."

பிள்ளைகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பூவிழி கரையேறி ஏழு கிளிஞ்சல்களைப் பொறுக்கினாள். "சரி, சீட்டு போடலாம். யாருக்கு வுழுதோ அவங்க சொல்றத எல்லாரும் கேக்கணும்."

"சீட்டா?" என்றான் விமல். "உங்க வூட்டுக்கு எந்தப் பாட்டுல சீட்டு கீது? தடவுறவங்களுக்கு இன்னா சீட்டு?"

மூர்த்தி சத்தமாகச் சிரித்தான். இரட்டையரும் சிரித்தார்கள். பூவிழி கிளிஞ்சல்களைக் கீழே போட்டாள்.

ஐந்து பேர் இறங்கினார்கள். சந்தியா மட்டும் பூவிழியோடு நின்றுகொண்டாள். "நான் அக்காகூட இருக்கேண்ணா" என்று சின்னதம்பி அழுதான். விமல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

முதல் கழி. இரண்டாவது கழி. தண்ணீர் விமலுக்கு இடுப்பு, தம்பிக்குக் கழுத்து. தம்பியைத் தோளில் ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. மூன்றாவது கழியை எட்டிப் பிடித்தான். கழி கையோடு வந்துவிட்டது. காலடியில் தரை இல்லை. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. கழியை இரண்டு கையாலும் பிடித்தான்.

இரண்டு கையாலும்.

பின்னால் வந்த மூர்த்தியும் இரட்டையரும் இரண்டாவது கழியைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள். பூவிழி நேராக வரவில்லை. சுற்றி, காலால் தடவி, மண் இருக்கும் விளிம்பைக் கண்டுபிடித்து, நீரோட்டம் பிள்ளையை எங்கே கொண்டுவருமோ அங்கே போய் நின்றாள். சின்னதம்பியின் பள்ளிப்பை அவள் கையில் சிக்கியது. பையோடு பிள்ளையும் வந்தான். அதன் பிறகு கையைக் கொடுத்து விமலையும் இழுத்தாள்.

அரை மணி நேரத்தில் ஊர்ப் படகு வந்தது. நாகப்பன் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் கரை ஒதுங்கி, விடிந்ததும் போன் செய்திருந்தார். காத்திருந்தால் போதும். ஒருவர் காலும் நனைந்திருக்காது.

படகில் வந்த ஊர்த்தலைவர் லோகநாதன், வாந்தியெடுக்கும் சின்னதம்பியைப் பார்த்தார். தலைமுதல் கால்வரை நனைந்து நின்ற பூவிழியைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதான எறக்கிக் கூட்டினு போச்சு? ஏரில நடக்கறது இவங்கதான?"

விமல் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றாள் பூவிழி. அது யார் காதிலும் ஏறவில்லை. சந்தியா எட்டு வயதுப் பிள்ளை, அழுதுகொண்டிருந்தாள். ஊர் கூடி, கருப்பன் குடும்பம் ஒரு வருடத்துக்கு இந்தப் பக்கப் பாடுகளில் கால் வைக்கக் கூடாது என்றது. ஒரு வருடம் முடிந்தும் தடையை எடுக்க யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் போய்விட்டார்கள். பூவிழியின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது.

இந்த வருடம் விமலின் அப்பாவுக்கு முடியாமல் போக, சீட்டு விமல் பேருக்கு மாறியது. கூட்டத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து பானைக்குள் கையை விட்டுச் சீட்டை எடுக்க வேண்டியதுதான். அவன் எடுக்கவில்லை.

"அன்னைக்கு எறங்கச் சொன்னது நான். பூவிழி வேணாம்னு சொல்லிச்சு. தம்பியத் தூக்குனதும் அதுதான். அவங்க மேல போட்ட தடைய எடுங்க. அப்புறம் நான் சீட்டு எடுக்கறேன்."

லோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருசம் ஆச்சுப்பா. இப்ப இன்னாத்துக்கு அது? எடுக்கறியா, இல்லியா?"

"தடைய எடுங்க."

"அடுத்த பேரு கூப்புடு" என்றார் லோகநாதன். அடுத்த பெயர் மூர்த்தியுடையது. மூர்த்தி விமலைப் பார்க்காமல் போய்ச் சீட்டை எடுத்தான்.

வெளியே வந்தபோது சின்னதம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும்ணா, நீதான் கைய வுட்டனு" என்றான். "அம்மா அடிப்பாங்கனு சொல்லல. அப்புறம் எப்ப சொல்றதுனு தெரியல."

மறுநாள் இருவரும் படகில் சுண்ணாம்புக்குளம் போனார்கள். பூவிழி இடுப்பளவுத் தண்ணீரில், பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தாள். விமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"அடுத்த பேரக் கூப்புட்டாங்க."

"அதான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு படகின் நடுவில் பலகையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். "சின்னதம்பிதான நீ? நீச்சல் கத்துக்கினியா?"

"இல்லக்கா. தண்ணில எறங்கறதே இல்ல."

அவள் விமலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறியைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். விமல் படகைத் திருப்பினான். படகில் இரண்டே பேர்தான். ஆனாலும் எண்ணினான்.