வேப்பிலை கட்டிய வார்டுக் கதவு

டொக்டர் புனிதவதி காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, திகனயில் எங்கள் வீட்டில் மின்சாரம் போயிருந்தது. நல்ல பகல்தான். ஆனாலும் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏன் என்பது கண்டியில் எங்களோடு குழந்தைகள் வார்டில் வேலை செய்தவர்களுக்கு விளங்கும்.

டொக்டரின் வாய் பொல்லாதது. அம்மை கண்ட பிள்ளையின் தலையணைக்கடியில் தாய்மார் வேப்பிலை வைத்தால் விடமாட்டார். தூசியும் பூச்சியும் வருமென்று தானே எடுத்துக் குப்பை வாளியில் போடுவார். "அம்மாளை வீட்டில கும்பிடுங்கோ. இங்க வந்தது வைரஸ்" என்பார். தாய்மார் முணுமுணுப்பார்கள். நர்ஸ்மார் நாங்களும் பின்னால் நின்று சிரிப்போம்.

எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் கண்டிக்கு வந்த அன்று தனியறையில் ஒரே ஒரு பிள்ளை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த கைக்குழந்தை. சின்னமுத்து என்ற தட்டம்மை நுரையீரலில் இறங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த மூச்சு மெஷின்தான் அவளுக்கு மூச்சுவிட்டுக் கொண்டிருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் டொக்டர் மட்டும்தான். ஜன்னலில் கடைவீதிப் புகை தெரிந்தது. தமிழ் ஊழியர்களை அகதி முகாமுக்கு ஏற்றிப்போக லொறி வந்து நின்றது. டொக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுவரை போனார், திரும்பி வந்துவிட்டார்.

"பயமாத்தான் கிடக்கு, பரீதா. ஆனா இந்தப் பிள்ளையை ஆரிட்டக் குடுத்திட்டுப் போறது?"

லொறி போய்க் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. மெஷினும் நின்றது. டொக்டர் பிள்ளையின் வாயிலிருந்த குழாயில் ரப்பர் பையைப் பொருத்தி, கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பையை ஒரு நிமிஷம் என்னிடம் தந்துவிட்டு வாளியைக் கவிழ்த்தார். காலையில் தானே வீசிய வேப்பிலைக் கொத்தைத் தேடியெடுத்து, பண்டேஜ் துணியால் கதவுக்கு வெளியே கட்டினார். மறுபடி பையை வாங்கிக்கொண்டு, என்னை வெளியே நிற்கச் சொன்னார். அவர் சிங்களம் பேசினால் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்று தெரிந்துவிடும்; நான் முஸ்லிம்.

பிள்ளையின் தாய் அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கினாள். "பொட்ட அழிச்சிருங்கம்மா" என்று டொக்டரிடம் கெஞ்சினாள். பொட்டை அழிக்க ஒரு கை வேண்டும். டொக்டரின் இரண்டு கையும் பையில் இருந்தன.

பொல்லுத்தடிகளோடு வந்தவர்கள் உள்ளே யார் என்று கேட்டார்கள். 'தெய்யன்கே லெட' என்றேன். தெய்வத்தின் நோய்; அம்மைக்குச் சிங்களவர் சொல்லும் பெயர். பொய்யில்லை. வேப்பிலை கட்டிய அம்மை வீட்டுக்குள் அவர்களும் நுழையமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் பை அமுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது, அவர்களுக்கும் கேட்டிருக்கும். முன்னால் நின்றவர் வயதானவர். இலையைப் பார்த்தார். கையிலிருந்த பொல்லை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

உள்ளே போனேன். டொக்டரின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பையை நான் வாங்கினேன். கீழே இன்னும் காலடிச் சத்தம் கேட்டது; என் கண் கதவை விட்டு அகலவில்லை.

"கதவைப் பாராதேங்கோ, பரீதா. பிள்ளையின்ர நெஞ்சைப் பாருங்கோ."

மின்சாரம் வரும்வரை மாறி மாறி அமுக்கினோம். பிள்ளை பிழைத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் டொக்டர் செய்த முதல் வேலை, வேப்பிலையை அவிழ்த்து வாளியில் போட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியது. பிறகு கதிரையில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் நடுங்க அழுதார். அவ்வளவு பயத்தை எங்கே வைத்திருந்தாரோ தெரியாது.

அதற்குப் பின் யுத்தம் வந்தது, குண்டுகள் வெடித்தன. பயம் என்னை விட்டுப் போகவேயில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். என் வலக்கை மடியில் கிடந்தபடி மூடித் திறந்துகொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் அது இன்றைக்கும் அப்படித்தான் செய்யும். டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கைதான்.